உடம்பு சரியில்லை என்று நான் சொன்னது

நடந்தவை இவை.

1. மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பாகலூரிலிருந்து ஒரு விவசாயி தன் மனைவியை ஓசூரில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். அவள் தன்னோடு பேசுவதில்லை என்பது அவர் சொன்ன குறை.
2. ஆறு வாரம் இருவரையும் தனித்தனியாகப் பார்த்தேன்.
3. ஏழாவது வாரம் கணவரிடம், அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அது உண்மையில்லை.
4. அவர் ஒரு கடிதம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.
5. அந்தக் கடிதத்தைக் காட்டி அவளை எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் ராஜ்யத்தில் இருந்த ஒரு மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்.
6. மூன்று மாதம் கழித்து அங்கிருந்த மருத்துவர், இவளுக்கு நோய் எதுவும் இல்லை, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று எழுதினார்.
7. அழைத்துப் போக யாரும் வரவில்லை.

எழுதிப் பார்த்தால் ஏழு வரிதான். எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. சந்தைக்குப் போவதற்கும் போடுவேன், ஒருவரைப் பற்றி யோசிப்பதற்கும் போடுவேன். இந்தப் பட்டியலை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். மூன்றாவது வரியில் ஒவ்வொரு தடவையும் பேனா நிற்கிறது. மற்ற ஆறும் வேறு விதமாக நடந்திருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது மட்டும் வேறு விதமாக நடந்திருக்கலாம். அதைச் செய்தவள் நான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கிருஷ்ணகிரியில் வளர்ந்தவள். அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. எனக்கு ஆறு வயதிலிருந்து பதினேழு வயது வரை அப்பாவும் அம்மாவும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதில்லை. பெரிய சண்டை எதையும் நான் பார்த்ததில்லை. காரணம் என்னவென்று இன்றுவரை இருவரும் சொன்னதும் இல்லை. வீட்டில் நான் ஒரே பிள்ளை. அதனால் அவர்கள் பேச்செல்லாம் என் வழியாகத்தான் போயிற்று, வந்தது.

"களியா சோறான்னு கேளு" என்பார் அப்பா, முன்னறையில் செருப்பைக் கழற்றியபடி. சமையலறையில் அம்மாவுக்கு அது நன்றாகவே கேட்டிருக்கும். இருந்தாலும் நான் போய்க் கேட்பேன். "இருக்கறதத் தின்னுட்டுப் போகச் சொல்லு" என்பாள் அம்மா. திரும்பி வந்து அப்பாவிடம், "களிதாம்ப்பா, இப்ப ஆயிடும்" என்பேன். அப்பா ஏதாவது கடுமையாகச் சொல்லி அனுப்பினால், அம்மாவிடம் போய், "அப்பாவுக்குத் தலைவலியாம்" என்று சொல்வேன். தலைவலி என்றால் அம்மாவின் முகம் கொஞ்சம் இளகும். ஒரு டம்ளர் சுக்குக் காப்பி வரும். எட்டு வயதுக்குள் எனக்கு இது தெரிந்துவிட்டது: கோபம் என்று சொன்னால் கோபம் வரும், நோய் என்று சொன்னால் காப்பி வரும்.

பதினேழு வயதில் நர்சு படிப்புக்கு வெளியூர் போனேன். மூன்று மாதம் கழித்து அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டில் சொல்லி அனுப்ப ஆளில்லாமல் போகவே இருவரும் பேச ஆரம்பித்துவிட்டதாக, மழை பெய்ததைச் சொல்வதுபோல ஒரு வரியில் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அதில் எனக்கு ஒரு பாடம் இருந்தது. அப்போது படித்துக்கொள்ளவில்லை.

நர்சு படிப்பு முடிந்ததும் மனநோய்ப் பயிற்சிக்கு இரண்டு வருஷம் போனேன். மனம் விட்டுப் பேசவைப்பதும் ஒரு வைத்தியம் என்று அங்கேதான் கற்றேன். கணவன் மனைவியாக வருகிறவர்களை முதலில் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், பிறகு சேர்த்துப் பார்க்க வேண்டும். புத்தி சொல்லக் கூடாது. அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுத வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகக் கூடாது, சொல்ல வேண்டியதை அவரவரே சொல்லவைக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை என் நோட்டின் முதல் பக்கத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன்.

ஓசூரில் எனக்கு நர்சு வேலைதான் கிடைத்தது. செவ்வாயும் வெள்ளியும் மதியத்துக்கு மேல் இப்படிப் பேசவைக்க ஒரு அறை நடத்தலாமா என்று கேட்டபோது, மருத்துவமனையின் டாக்டரம்மா பால் பவுடர் டின்கள் அடுக்கியிருந்த சின்ன அறையைத் திறந்து காட்டினார். "யாரு வருவான்னு நினைக்கிற?" என்றார். முதலில் யாரும் வரவில்லைதான். பிறகு வயிற்றுவலி என்று, தூக்கமில்லை என்று, மாதவிலக்குச் சரியில்லை என்று வந்த பெண்களை அவரே என்னிடம் அனுப்பத் தொடங்கினார்.

மூன்று நாற்காலி போட்டிருந்தேன். கணவன் எதிரில் நாற்காலியில் உட்காரப் பெண்கள் சம்மதிக்கவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு நாற்காலிகளை வெளியே போட்டேன். பாய் விரித்து நானும் கீழே உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு பேச்சு வந்தது. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் அழுவார்கள், கன்னடத்தில் திட்டுவார்கள். மூன்றும் எனக்குப் புரியும். ஒரு புகையிலை வியாபாரியும் அவர் பீவியும் நாலு வாரம் வந்தார்கள். ஐந்தாவது வாரம் பாயில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு போனார்கள். என் முறை சரியானது என்று நான் நம்பியதற்கு அவர்களும் காரணம்.

பாகலூர்க்காரர் மெதுவாகப் பேசுகிற மனிதர். பீன்ஸும் கோசும் பயிரிட்டு லாரியில் பெங்களூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர். குடிப்பதில்லை, அடிப்பதில்லை. அவர்களுடைய எட்டு மாதக் குழந்தை ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து இறந்திருந்தது. அன்று அவர் மார்க்கெட்டில் இருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் நிலத்து ஓரத்துப் புங்க மரத்தடியில் புதைத்துவிட்டார்கள். மறுநாள் விடியுமுன் அவர் மறுபடி லாரி ஏறினார். அறுத்த காய் அழுகிவிடும் என்பதுதான் காரணம். அன்றிலிருந்து மனைவி அவரோடு பேசவில்லை. சமைத்தாள், மாட்டைப் பார்த்தாள், அக்கம்பக்கத்தாரோடு பேசினாள், மாட்டோடுகூடப் பேசினாள். அவரோடு மட்டும் இல்லை.

நான் வளர்ந்த வீடு இது. அதை அப்போதே கவனித்து, இவர்களைப் பார்க்க நான் சரியான ஆளில்லை என்று எழுதியிருக்க வேண்டும். எனக்கோ, இவர்களுக்காகவே நான் படித்து வந்ததுபோல இருந்தது.

அவளுக்கு என்னைவிட மூன்று நான்கு வயது குறைவு. முதல் நாளே என்னை அக்கா என்றாள். இரண்டாவது வாரம், என் நெற்றியையும் கழுத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆகாதவளுக்கு எதுக்கு எங்க சண்டை? கத்துக்கறியா?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பைத்தியம் பிடித்த ஒருத்தி அப்படிக் கேலி செய்ய மாட்டாள். அதை நான் நோட்டில் எழுதவில்லை.

எழுதியது வேறு. சாயங்காலம் பால் கறக்கிற நேரத்தில் குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது என்று நாலாவது வாரம் சொன்னாள். குழந்தையை இழந்த தாய்மார் பலருக்கு அப்படிக் கேட்கும், நாளானால் நின்றுவிடும். பயிற்சியில் எனக்கு அதைச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அதை அவள் வார்த்தையிலேயே எழுதிவைத்தேன்.

ஐந்தாவது வாரம், அவரிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். வெகு நேரம் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மரத்தாண்ட ஒரு தரம் எங்கூட வரணும். அவ்ளோதான். நானாக் கேக்கமாட்டேன். அவராத் தெரிஞ்சு வரணும்."

அவள் முழு வழக்கும் அதுதான். அடுத்த வாரமே இருவரையும் பாயில் உட்காரவைத்து, அவள் வாயைத் திறக்கும் வரை நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகலாம், மூன்று வாரம் ஆகலாம். அவளுக்கு இன்னும் நேரம் வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டேன். ஆறாவது வாரமும் தனித்தனியாகவே போயிற்று.

ஏழாவது வாரம் அவர் தனியாக வந்தார். அன்றைக்கு அவர் குரல் மெதுவாக இல்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பத்துப் பேர் எதிரில் அவர் தண்ணீர் கேட்க, அவள் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டாளாம். சிரித்தார்களாம். "அவளுக்கு எம்மேல அப்படி என்னம்மா வெறுப்பு? நான் என்ன கொன்னா போட்டேன்?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் வாய் கோணியது. அழப்போகிறாரோ, எழுந்து போய் அவளை அடிக்கப்போகிறாரோ, எனக்குத் தெரியவில்லை. எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

"வெறுப்பெல்லாம் இல்லீங்க" என்றேன். "அவங்களுக்கு உடம்பு சரியில்ல. மனசுல வர்ற ஒரு நோய். அதுதான் அப்படி நடக்க வைக்குது."

அவர் முகம் இளகியது. என் அம்மாவின் முகம் இளகுவதுபோலவே. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

"அப்ப நோயிங்களா" என்றார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நோயின்னா அதுக்குன்னு ஆஸ்பத்திரி இருக்குமில்லீங்களா?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சற்றுமுன் நான் சொன்னது பொய் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு வாரம் அங்கே ஓய்வாக இருந்தால் அவளுக்கும் அந்த வீட்டிலிருந்து கொஞ்சம் விடுதலை கிடைக்கும், அங்கிருக்கிறவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மா அந்த வாரம் ஊரில் இல்லை. கடிதத்தை நானே எழுதினேன். கணவரோடு ஐந்து மாதமாகப் பேசுவதில்லை; இறந்த குழந்தையின் அழுகை கேட்பதாகச் சொல்கிறாள்; சில வாரம் ஓய்வும் பரிசோதனையும் தேவை. மூன்று வரியில் முதல் இரண்டும் உண்மை. அதை நினைத்தால்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

அவர்கள் புறப்பட்ட அன்று நான் பஸ் நிலையத்துக்குப் போனேன். அவள் புதுப்புடவை கட்டி, துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கணவர் டிக்கெட் வாங்க இறங்கியிருந்தார்.

"அவருகிட்ட என்ன சொன்ன அக்கா?"

"ரெண்டு வாரம் ஓய்வு எடுக்கட்டும்னு சொன்னேன்."

"பாப்பா அழுவறதச் சொன்னியா?"

கடிதத்தில் எழுதியிருக்கிறேன் என்றேன்.

"நான் ஒனக்குத்தான சொன்னேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரர் தவறான சாமானை எடுத்துக் கொடுத்தால் சொல்வோமே, அதுபோல. பிறகு பஸ் புறப்படும் வரை முன்சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடியில் அந்த மருத்துவமனையிலிருந்து எனக்கு ஒரு தாள் வந்தது. நோய் எதுவும் இல்லை. சேர்த்த கணவருக்கு இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை, நீங்கள் தெரிவிக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நானும் ஒரு கடிதம் போட்டேன், பிறகு இன்னொன்று போட்டேன். புரட்டாசியில் நேரில் பாகலூர் போனேன். முற்றத்தில் வேறொரு பெண் அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை.

அவர் என்னைக் கண்டதும் பாய் போட்டார், மோர் கொடுக்கச் சொன்னார். மருத்துவர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார்.

"நீங்கதானம்மா நோயின்னு சொன்னீங்க."

நான் சொன்னது தவறு என்றேன். அந்தச் சொற்களை அன்றைக்குத்தான் முதல்தடவை வாய்விட்டுச் சொன்னேன். அவர் தலையாட்டினார். "இருக்கலாங்க. ஆனா இனிமே என்ன செய்யறது? வூட்ல இன்னொருத்தி வந்துட்டா." ஒரு மனைவி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டுவது சட்டப்படி செல்லாது என்றேன். இங்கே அதை யார் கேட்கப்போகிறார்கள் என்றார், மரியாதை குறையாமல். அந்தப் பெண் காய் கிள்ளுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பதினெட்டு வயதிருக்கும். நான் சட்டம் பேசியது அவளுக்கு எதிராகவும்தான் என்று அப்போது உறைத்தது.

பாகலூர்க்காரிக்கு அப்பா அம்மா இல்லை. ஒரே அண்ணன், அஞ்செட்டிக்கு மேலே ஒரு மலை ஊரில் மாடு வளர்க்கிறவர். ரத்த உறவு கையெழுத்துப் போட்டாலும் அனுப்பலாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அந்த ஊருக்குப் போகக் காலையில் ஒரு பஸ், மீதி நடை. அண்ணன் என்னைச் சாப்பிட வைத்த பிறகுதான் பேசவே விட்டார். தங்கச்சி எப்படி இருக்கிறாள், இளைத்துவிட்டாளா என்று கேட்டார். கண் கலங்கினார். கையெழுத்து என்றதும் எழுந்து போய்க் கன்றுக்குட்டியின் கயிற்றை மாற்றிக் கட்டினார். கட்டிவிட்டு அங்கிருந்தே பேசினார்.

"எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதும்மா. பைத்தியக்கார ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தவ அத்தையா வூட்ல இருந்தா, எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

அவளுக்குப் பைத்தியம் இல்லை என்று மருத்துவரே எழுதிவிட்டார் என்றேன்.

"அவரு இப்ப எழுதினாரு. மொதல்ல யாரோ எழுதித்தான உள்ள போனா?"

அந்த யாரோ நான்தான் என்று அவருக்குத் தெரியாது. சொன்னேன். கன்றின் கயிற்றை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்புகிற பஸ் போய்விடும், கிளம்புங்கள் என்றார்.

தாலுகா ஆபீசில், அந்த ஆஸ்பத்திரி வேறு ராஜ்யத்தில் இருக்கிறது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அந்தப் பக்கம் போய்க் கேட்டேன். பெண் உங்கள் பக்கத்தவள், உறவுக்காரர் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்றார்கள். நானே அழைத்துப் போகிறேன், என்னோடு வைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். நீங்கள் அவளுக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தார்கள். அந்த இடத்தில் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அவளைப் பார்க்கப் போவேன். ஆரம்பத்தில் அவள் என்னைக் கடிந்துகொள்ளவே இல்லை. அங்கே சமையல்கட்டில் கீரை ஆய்கிறாள். வார்டில் எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். "ஒனக்கு மாப்பிள்ள பாத்தாச்சா? கட்டிக்கிட்டு எங்கிட்ட வா, நான் புத்தி சொல்றேன்" என்பாள். அழுகைச் சத்தம் நின்றுவிட்டதாக ஒருநாள் சொன்னாள். நின்றதில் அவளுக்குச் சந்தோஷமில்லை. கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டதை நான்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அண்ணன் சொன்னதையும் சொன்னேன். கன்றுக்குட்டி செவலையா கறுப்பா என்று கேட்டாள்.

போன தை மாதம் அவள் என்னிடம் ஒரு வேலை சொன்னாள். "பாகலூர்ப் பக்கம் போனா அந்தப் புங்க மரத்தப் பாத்துட்டு வா. எப்படி இருக்குதுன்னு சொல்லு."

போனேன். மரம் இல்லை. அடியோடு எடுத்துவிட்டு நிலத்தை அந்த ஓரம்வரை உழுது, கோசு நாற்று நட்டிருந்தார்கள். எந்த இடம் என்று காட்டக்கூட ஒரு கல் இல்லை. வரப்பில் நின்று, நான்கு பக்கமும் பார்த்து, மரம் இருந்திருக்கக்கூடிய இடத்தைக் கணக்குப் போட்டேன். மூன்று இடம் தோன்றியது.

அடுத்த முதல் சனிக்கிழமை வரை மூன்று வாரம் இருந்தது. என்ன சொல்வது என்று பட்டியல் போட்டேன். மரம் நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம். போக முடியவில்லை என்று சொல்லலாம். பூ விட்டிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம், பங்குனி நெருங்குகிறது, நம்புவாள். எல்லாவற்றையும் எழுதி எல்லாவற்றையும் அடித்தேன். வாழ்நாளில் ஒரு தடவையாவது இருந்ததை இருந்தபடி கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு அவளுக்காக எடுத்ததா, எனக்காக எடுத்ததா என்று இன்னும் விளங்கவில்லை.

"மரத்த எடுத்துட்டாங்க. உழுது கோசு போட்டிருக்காங்க" என்றேன்.

அவள் கை கீரைக்கட்டின் மேல் அப்படியே நின்றது. பிறகு ஆயத் தொடங்கினாள். நான் இன்னும் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். புறப்படுகிறேன் என்றபோதும் நிமிரவில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. வார்டு நர்சிடம் கேட்டேன். எல்லோரோடும் நன்றாகத்தான் பேசுகிறாள், சிரிக்கிறாள், உங்களோடு மட்டும் ஏன் என்று தெரியவில்லை என்றார். எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்லவில்லை. இந்தத் தடவை, அவளுக்கு உடம்பு சரியில்லை என்றும் சொல்லவில்லை.

ஓசூரில் என் அறை இன்னும் நடக்கிறது. அழுகிற பெண்கள் இப்போது குறைவாகத்தான் வருகிறார்கள். கெலமங்கலத்திலிருந்து ஒரு கணவர் வந்தார், பாகலூரிலிருந்து இன்னும் இருவர் வந்தார்கள். பாயில் உட்கார்வதற்கு முன்பே, மனைவிக்கு அந்த லெட்டர் வேண்டும் என்றார்கள். எழுதுவதில்லை என்று திருப்பி அனுப்பினேன். அவர்களில் ஒருவர், "அவனுக்கு மட்டும் குடுத்தீங்களே" என்று வருத்தப்பட்டார். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனிமேல் எந்தத் தாளிலும் தன் கையெழுத்து இல்லாமல் போகக் கூடாது என்று மட்டும் சொன்னார். அறையை மூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சில நாள் தோன்றும்.

அவள் உள்ளே போய் இரண்டு வருஷமாகிறது. அவளுக்கு நோய் இல்லை. வெளியே வர ஒரு கையெழுத்து வேண்டும். அதைப் போடக்கூடியவர்கள் இருவர், இருவரும் போட மாட்டார்கள். நான் முதல் சனிக்கிழமை போகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறேன். அவள் பேசுவதில்லை.